பேங்க் மேனேஜரின் கழுத்து

அன்புள்ள டமாரத்துக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் வருவதுதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, இந்த முறை இதற்கு ஆதாரம் இருக்கிறது. நேற்று மாலை தொண்டை டாக்டர் பரிசோதனை அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னிலையிலும் உன் அம்மா முன்னிலையிலும் சொன்னது: அம்மாவின் குரல் நாணிலிருந்து எடுத்த சிறு கட்டி கெட்ட கட்டி இல்லை. நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது முறை கேட்டபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், நீங்க நிருபர் வேலைலேருந்து ரிட்டயர் ஆகிட்டீங்கன்னுல்ல சொன்னாங்க" என்றார். ஆகவே நலம். நீயும் உன் பாட்டுக் கூட்டத்துப் பிள்ளைகளும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அதற்கு மட்டும் என் கையில் ஆதாரம் கிடையாது, நீதான் அனுப்ப வேண்டும்.

கட்டியா, ஆபரேஷனா, எப்போது, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று இந்நேரம் எழுந்து நின்றிருப்பாய். உட்கார். போனில் சொல்லாமல் கையால் எழுதி, முனைக் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்புவதே அதற்காகத்தான். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் முடியாது. அம்மாவுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது உனக்கே தெரியும், போன வருஷம் வந்திருந்தபோது "என்னம்மா, நீயும் ராக் பாட ஆரம்பிச்சிட்டியா" என்று கேலி செய்துவிட்டுப் போனாய். அது சளி இல்லை. முப்பது வருஷம் பஸ் நிலையத்து மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யார் பெற்ற பிள்ளை யாரைத் தேடி அழுகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்ன தொண்டையில் அரிசி அளவுக்கு ஒன்று வளர்ந்திருந்தது. எடுத்தே ஆக வேண்டும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீ வெளிநாட்டில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தாய். அறிக்கை வருகிற வரைக்கும் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "அவ கிட்டாரத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துடுவா, அப்புறம் அந்தப் பசங்க நடுத்தெருவுல நிப்பாங்க" என்றாள். உறுதியாகாத செய்தியை வெளியே விடுவதில்லை என்பது என் தொழிலின் வழக்கமும்கூட. அதனால்தான் நீ கூப்பிட்ட போதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன். கடைசித் தடவை நீ, "என்னப்பா, எப்பவும் தண்ணியிலயே இருக்க அம்மா என்ன மீனா?" என்று கேட்டாய். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு இதைவிட நல்ல பொய் அகப்படவில்லை, மன்னித்துவிடு.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அம்மா பேசக் கூடாது. பேசுவது மட்டுமில்லை, கிசுகிசுப்பதும் கூடாது, கத்துவதைவிடக் கிசுகிசுப்பது நாணுக்குக் கெடுதல் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் அம்மா வாய் திறக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் யார் நம்புவார்கள், எங்களுக்குள் சண்டை என்று முடிவு கட்டி இரண்டு பேர் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். அவளால் விளக்கம் சொல்ல முடியாது, நான் சொன்னாலோ அது ஒரு தரப்பின் வாக்குமூலமாகிவிடுகிறது. வந்தவர்களில் ஒருவர் போகும்போது என் தோளைத் தட்டி, "விட்டுக் குடுத்துப் போங்க சார், இந்த வயசுல என்ன ரோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ சின்ன வயதில் எழுதிய சிலேட்டைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். அதில் எழுதுவாள், நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிப்பதற்குள் அழித்தும் விடுவாள், கோபம் மட்டும் அழியாமல் நிற்கும். நான் வேறு அறையில் இருந்தால் டம்ளர் விளிம்பில் விரல் நகத்தால் இரண்டு தட்டு. ட்டக், ட்டக். ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னாலும் மைக்கின் மேல் தட்டுவாளே, அதே தட்டு. அப்போது பஸ் வந்தது, இப்போது நான் வருகிறேன். நானும் பஸ்ஸைப் போலவே தாமதமாக வருகிறேன் என்று சிலேட்டில் ஒரு புகார் பதிவாகியிருக்கிறது.

இப்படி அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிற சமயம் பார்த்து நீ பேட்டி கொடுத்திருக்கிறாய். பஸ் நிலையத்தில் இப்போது மைக்கில் இருக்கும் பெண் அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், "அக்கா, நம்ம பாப்பாவ முழுப் பக்கம் போட்டிருக்காங்க" என்று. படம் நன்றாக இருக்கிறது, தலையைச் சீவியிருக்கலாம். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், நான் உரக்கப் படித்தேன். தலைப்பு, மௌனம் பெற்ற மகள். பிறந்த வார்டில் மற்ற பிள்ளைகளையெல்லாம் எழுப்பிவிட்டதால் நர்ஸ் வாயாலேயே டமாரம் என்று பெயர் வாங்கிய உனக்கு இந்தத் தலைப்பு. போகட்டும், தலைப்பு வைப்பது நிருபர் இல்லை, உள்ளே உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர், அந்தப் பழியை உன் மேல் போட மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பது உன் வாய்மொழி. "எங்க வீட்ல பாட்டுங்கற பேச்சே கெடையாது. அப்பான்னா நியூஸ், அம்மான்னா டிபன் பாக்ஸ். சத்தமே இல்லாத வீட்லேருந்து வந்ததாலதான் எனக்கு இவ்ளோ சத்தம் தேவப்பட்டுச்சு." அதற்கு அடுத்த பத்தியில், எல்லாரும் குதிக்கிறார்களே அந்தப் பாட்டு, பாதியில் திடீரென்று நின்று கிட்டார் வந்து விழுகிறதே, அது எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, சின்ன வயதில் ரயிலில் போனபோது வண்டி மலைக்குகைக்குள் நுழைந்ததும் சத்தம் மாறியது, அங்கேதான் தோன்றியது என்று சொல்லியிருக்கிறாய். உன் சின்ன வயதில் நாம் ரயிலில் போனது ஒரே தடவை. ஏறியதும் தூங்கினாய், இறங்கும்போது தூக்கிக்கொண்டு இறங்கினேன். அந்தத் தடத்தில் குகை உண்டா என்று ரயில்வேயில் எனக்குத் தெரிந்தவரிடம் கேட்டேன். "குகையா? அந்தப் பக்கம் ஒரு மேடுகூடக் கெடையாதேங்க" என்றார்.

அம்மா பூண்டைத் தள்ளி வைத்தாள். சிலேட்டை இழுத்தாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. எழுதியது என்னவோ இரண்டு வார்த்தைதான், டிபன் பாக்ஸ் என்று, ஆனால் அதற்குப் பின்னால் போட்ட கேள்விக்குறி சிலேட்டின் மேல் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம் வரைக்கும் இறங்கியிருந்தது. பத்திரிகைத் தொழிலில் மறுப்பு என்று ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் பேச முடியாத நிலையில் இருப்பதால் அவர் சார்பில் நான் விசாரித்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் பஸ் நிலையம். பள்ளிக்கூடம் விட்டதும் நீ வீட்டுக்கு வரவில்லை, அறிவிப்பு அறைக்குத்தான் போவாய், கண்ணாடி போட்ட அந்தச் சின்ன அறையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாய். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, வெளியே என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிவதற்காக. மைக்கை ஒரு சாண் அதிகமாகத் திருப்பினால் போதும், கூ என்று நாய் ஊளையிடுவது போலக் கிளம்பி வெளியே பயணிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அம்மா உள்ளங்கையால் மைக்கை மூடி அதை அடக்குவாள். நீ கீழே இருந்துகொண்டு "இன்னொரு தடவம்மா" என்பாய். பஸ் நிலைய மேலாளர் இரண்டு முறை எழுத்தில் விளக்கம் கேட்டார், இரண்டு முறையும் கருவிக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது நீ மேடையில் கிட்டாரைத் தூக்கி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் பிடித்து அதே ஊளையை வரவழைக்கிறாய், ஜனம் கத்துகிறது. உன் அம்மா முப்பது வருஷம் உள்ளங்கையில் அடக்கி வைத்திருந்ததை நீ அவிழ்த்து விட்டுப் பிழைக்கிறாய், அவ்வளவுதான் விஷயம். போதாதற்கு, பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கின் மேல் நகத்தால் இரண்டு தட்டுகிறாய். பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் தட்டுகிறாய். கவனித்திருக்கிறாயா? நீ கவனித்திருக்க மாட்டாய், அதுதான் சாட்சியம்.

அடுத்தது நம் பழைய மாடி வீடு. கீழே இடது பக்கம் சலூன், வலது பக்கம் கார் மெக்கானிக்கின் கொட்டகை, மேலே நம் சமையலறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். காலையில் சலூன் ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி வரும், தினமும் ஒரே பாட்டோடு தொடங்கும். படகுக்காரா, படகுக்காரா, பாதி ஆத்துல ஏன் நிறுத்தின என்று ஒரு அம்மாள் உருகுவாள். தினமும் சரியாக அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எதிர் பேங்க்கின் மேனேஜர் வந்து நாற்காலியில் சாய்வார், அவருக்குத் தினமும் சவரம் செய்தாக வேண்டும், சொந்தமாகச் செய்துகொள்ளப் பயம். சலூன்காரருக்கு ஒரு சட்டம் இருந்தது, கத்தி கன்னத்தில் இருக்கிற வரைக்கும் ரேடியோ பாடலாம், கழுத்துக்கு இறங்கினால் ரேடியோ வாயை மூட வேண்டும். பாட்டின் இரண்டாவது வரி முடிகிற இடத்தில் கத்தி கழுத்துக்கு வந்துவிடும், ரேடியோ நம் மாடிக்குக் கேட்காத அளவுக்கு இறங்கிவிடும். இடது ஜன்னல் ஓய்ந்ததும் வலது ஜன்னலில் மெக்கானிக்கின் டேப் ரிக்கார்டர் கேட்கும். அவரிடம் இருந்ததே ஒரு கேசட்தான், வெளிநாட்டுக்குப் போன எவரோ விற்ற காரில் கிடந்தது, முழுக்க கிட்டார். பகலெல்லாம் ஓடி ஓடி நாடா தொய்ந்து, மோட்டாரும் தளர்ந்து, அந்தக் கிட்டார் எருமை முனகுவது மாதிரி வரும், பாடுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவான். மேனேஜருக்குத் தாடை இரண்டு அடுக்கு, அதனால் கழுத்து வேலை கொஞ்சம் நீளம். அது முடிந்து ரேடியோ மறுபடி வாய் திறக்கும்போது பாட்டு எங்கேயோ போயிருக்கும், கரை வந்து சேர்ந்தேனே என்று அந்த அம்மாள் சந்தோஷமாக இருப்பாள். படகு பாதி ஆற்றிலிருந்து எப்படிக் கரைக்கு வந்தது என்று நம் வீட்டில் இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

உன் அம்மா இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் நின்று சமைத்தாள், காதில் விழுந்ததை விழுந்தபடி பாடினாள். பாதி ஆத்துல ஏன் நிறுத்தின என்று உருகிவிட்டு, கரண்டியைத் தூக்கி, டன்ன டன்ன டண்ண என்று எருமைக் கிட்டாரை வாயாலேயே வாசித்துவிட்டு, கரை வந்து சேர்ந்தேனே என்று முடிப்பாள். உனக்குத் தலை வாரும்போது இந்தப் பாட்டுதான், குளிப்பாட்டும்போதும் இந்தப் பாட்டுதான். டிபன் பாக்ஸைக் கட்டும்போதும் இதே பாட்டுதான் என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி அம்மாவின் உத்தரவு, என்னிடம் தடித்த பேனா இல்லை. மூன்றாம் வகுப்பில் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாய். நானும் அம்மாவும் போனோம். மற்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகப் பாடினார்கள். நீ போய் நின்று இரண்டு வரி உருகினாய், நிறுத்தினாய், டன்ன டன்ன டண்ண என்று அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு தலையை ஆட்டினாய், அப்புறம் ஒன்றும் நடக்காதது போலக் கரை வந்து சேர்ந்தாய். அரங்கமே சிரித்தது. பாட்டு டீச்சர், "நடுவுல எங்கம்மா போயிட்ட?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "நடுவுல ஷேவிங் டீச்சர்" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, "ஏங்க சிரிக்கறாங்க? நல்லாத்தான பாடினா?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கும் அதுதான் பாட்டு. பரிசு கிடைக்கவில்லை, அம்மா அந்த டீச்சரோடு ரொம்ப நாள் பேசவில்லை, அவர் போக வேண்டிய பஸ்ஸை மட்டும் மெதுவாக அறிவித்தாள் என்று ஒரு தகவல் உண்டு, சம்பந்தப்பட்டவர் மறுக்கிறார்.

பிற்பாடு கல்லூரி விடுதியிலிருந்து நீ பண்ணிய போனும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேசட்டைக் கடையில் புதிதாகக் கண்டுபிடித்து வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, ஏமாத்திட்டாங்கப்பா, யாரோ வேகமா ஓட்டி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்திருக்காங்க" என்று அழாத குறை. நீ பழகியது தொய்ந்த நாடாவின் வேகம். உன் கூட்டத்தின் பாட்டெல்லாம் கனமாக, அழுத்தமாக, பூமிக்கு அடியிலிருந்து வருவதாக ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார், ஏதேதோ நாட்டுப் பெயர்களைச் சொல்லி அங்கிருந்தெல்லாம் வந்த பாதிப்பு என்கிறார். மெக்கானிக்கின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

நினைவில் இருப்பதை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்று போன வாரம் நேரில் போய் விசாரித்தேன். சலூன்காரர் இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறார், நாற்காலி மட்டும் புதிது. உன் பாட்டை என் போனில் போட்டுக் காட்டினேன். முதல் இரண்டு வரி மெட்டுக்குத் தலையை ஆட்டினார், சத்தம் நின்றதும் கை தானாகக் கத்தியைத் தேடிப் போனது, கிட்டார் வந்து விழுந்ததும், "அட, நம்ம மேனேஜர் கழுத்து!" என்றார். அந்த விடுபட்ட வரிகள் என்ன என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும் சார், நான்தான கொறச்சேன். கத்திய வச்சுக்கிட்டுப் பாட்டுக்குத் தலையாட்டினேன்னா கஸ்டமர் கத முடிஞ்சிது." மெக்கானிக்குக்கும் தெரியாது, அவருக்கு ரேடியோவே கேட்டதில்லை, "நம்ம டேப்புதான் சார் நாக்கத் தொங்கப் போட்டுட்டு ஓடிட்டிருக்குமே" என்றார், நீ உலகமெல்லாம் வாசிப்பது அவருடைய கேசட் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிப் பார்த்தார், "பாப்பா இன்னும் ஸ்லோவாவே ஓட்டுதே, பெல்ட்ட மாத்தச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். மிச்சமிருந்த ஒரே சாட்சி பேங்க் மேனேஜர், ரேடியோவுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த மனிதர். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார், இப்போது தாடி வளர்த்துவிட்டார். "கழுத்துல கத்தி இருக்கறப்ப யாருக்கு சார் பாட்டு கேக்கும்" என்று அவரும் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். ரேடியோ நிலையத்தில் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுதினாள்: தெரிஞ்சிட்டா அப்புறம் பாட வராது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி அப்பா, உங்கள் பங்கு என்ன என்று நீ கேட்கலாம். கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். உன் இரண்டாவது பாட்டில் நடுநடுவே ஒரு மணிச் சத்தம் வருகிறது, அது என் தட்டச்சு மெஷினின் வரி முடிகிற மணி என்று நான் கருதுகிறேன். செய்தி அடிக்கும்போதெல்லாம் நீ என் மடியில் உட்கார்ந்து அந்த மணிக்காகக் காத்திருப்பாய். உன் டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளை அது வேறு ஏதோ தாளக் கருவி என்று சொன்னதாக ஞாபகம், ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவலாகவே வைத்திருக்கிறேன். அம்மாவிடம் தீர்ப்புக் கேட்டேன். அவ பாட்டுக் கத்துக்கிட்டது எங்கிட்ட, நிறுத்தத் தெரியாம பேசறது உங்ககிட்ட என்று சிலேட்டில் எழுதி, நான் படித்து முடித்த பிறகும் அழிக்காமல் மேஜை மேலேயே வைத்துவிட்டாள்.

பேட்டி கொடுக்கிறவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன். இருட்டிலிருந்து வந்தேன் என்றால்தான் வெளிச்சம் எடுப்பாக இருக்கும். சலூனிலிருந்து வந்தேன் என்றால் கேட்கிறவன் எழுதிக்கொள்ள மாட்டான் என்று நினைத்துவிட்டாய், எழுதியிருப்பான், அதைத்தான் முதலில் எழுதியிருப்பான். திருத்தம் போடச் சொல்லி அந்தப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். விடுங்க, நம்ம புள்ளதான, சொல்லிட்டுப் போறா என்று எழுதினாள். அழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரில் தட்டிக் கூப்பிட்டு, குகைன்னு எதுக்குச் சொன்னாளாம் என்று எழுதிக் காட்டினாள். ஆகவே விட்டுவிட்டாள் என்று நான் சான்றளிக்க முடியாது.

இப்போது கேலி இல்லாமல் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அறிக்கையைப் படித்து முடித்த பிறகு அம்மா டாக்டர் முன்னால் சிலேட்டை நீட்டினாள், பாட்டு வருமா என்று எழுதியிருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று இப்போதுதான் சொன்னேன், இந்த அம்மா பாட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்பது போல அவர் என்னைப் பார்த்தார். "பேச்சு வந்துடும்மா, அதுக்கு நான் கேரண்டி. பாட்டு வேற விஷயம், மேல போற சத்தம் பழையபடி பிடிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது, சில பேருக்கு வரும், சில பேருக்கு அந்த இடத்துல வெறும் காத்துதான் வரும்" என்றார். நேர்மையான மனிதர், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். வீட்டுக்கு வந்து தேநீர் போட்டாள். அடுப்படியில் அவள் வாய் தானாகத் திறப்பதும் ஞாபகம் வந்து மூடுவதும் எனக்குத் தெரிந்தது. டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சிலேட்டில் ஏதோ எழுதினாள், எனக்குக் காட்டுவதற்கில்லை. நான் ஆயுள் முழுக்க மற்றவர் மேஜையில் தலைகீழாகக் கிடக்கும் காகிதத்தைப் படித்தே பிழைத்தவன். வரலேன்னா என்று எழுதியிருந்தது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. தேநீரில் சர்க்கரை கம்மி என்று சொன்னேன், எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவையே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் பாடாத இந்த நாட்களில்தான் வீட்டில் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்கிறது, பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறேன். நீ பேட்டியில் சொன்ன சத்தமே இல்லாத வீடு இப்போதுதான் நடக்கிறது, நீ கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டாய்.

உன்னிடம் பேட்டியைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்பது வேறு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் அறையில் அம்மா முதல் சத்தம் எழுப்ப வேண்டும், வார்த்தை கூடாது, உதட்டை மூடிக்கொண்டு ம் என்று மெதுவாக. எந்த ம் வேண்டுமானாலும் இருக்கலாமா என்று கேட்டேன், மெட்டோடு இருந்தாலும் தடையில்லை, ஆனால் அடக்கமாக என்றார். அப்போது போன் திறந்திருக்கும், மறுமுனையில் நீ இருப்பாய் என்று சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டேன். "ஒரு ம்முக்கு இவ்வளவு ஏற்பாடா சார்?" என்றார். எந்த மெட்டு என்று அம்மாவைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, படகு என்று எழுதி வைத்துவிட்டாள். கிழக்குக் கோடியில் இருக்கிற உனக்கு அது மாலை நேரம், கச்சேரிக்கு முன்னால் மைக்கையும் கிட்டாரையும் சரிபார்க்கிற வேளை என்று நினைக்கிறேன், அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி வை. கிட்டாரை மடியில் வைத்துக்கொள், பெட்டியைச் சின்னச் சத்தத்தில் வை, டாக்டரின் அறை சிறியது.

நேரத்துக்குச் சாப்பிடு. பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள், அம்மாவுக்குத் தொண்டை போன மாதிரி உனக்குக் காது போய்விடக் கூடாது. குளிருக்கு அம்மா பின்னிக் கொடுத்ததைப் போட்டுக்கொள், மேடையில் வேண்டாம், கீழே இறங்கியதும் போட்டுக்கொள். நீயும் உன் கூட்டமும் கை விரல் நோகாமல், தொண்டை கட்டாமல், போகிற ஊரெல்லாம் இரண்டாவது முறையும் கூப்பிடும்படி நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசி. அதில் ஒருவர் வாயால் சொல்கிறார், ஒருவர் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்.

அச்சுக்குப் போகும்வரை கிடைத்த தகவல் இவ்வளவுதான். குரல் வருமா வராதா என்பது தெரியவில்லை, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தெரியும். அம்மா போனில் நகத்தால் இரண்டு தட்டுவாள். அதன் பின்னால் முதல் இரண்டு வரி அவளுடையது. ஒன்றும் கேட்கவில்லை என்றால், வெறும் காற்றுதான் வருகிறது என்றால், அப்பா அப்பா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காதே, அழவும் செய்யாதே. மேனேஜர் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வலது ஜன்னலிலிருந்து நீ ஆரம்பித்துவிடு. அவள் கரை வந்து சேருகிற வரைக்கும் நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் வீட்டில் பாட்டு இருந்ததற்கு நேரில் கண்ட சாட்சி,
அப்பா